உதவி போன பின்னும் நிற்பது எது?
(வெளிநாட்டு உதவியில் நடந்த குடும்ப நலப் பணிகள் குறித்துக் காஞ்சிபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2025 ஜூலை மாதம் உலக ஏடுகளில் ஒரு செய்தி வந்தது. பெல்ஜியம் நாட்டுக் கிடங்கு ஒன்றில் ஏறத்தாழ 97 இலட்சம் டாலர் மதிப்புள்ள கருத்தடைச் சாதனங்கள் தேங்கிக் கிடந்தன. ஏழை நாடுகளுக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு, அனுப்புவதற்காக அமெரிக்க அரசின் யு.எஸ்.எய்டு நிறுவனம் வாங்கி வைத்தவை அவை. அந்த நிறுவனத்தையே மூடிவிட்ட அமெரிக்க அரசு, சரக்கை எரித்து அழிக்க முடிவு செய்திருப்பதாகத் தெரிவித்தது. அந்த மாத்திரைக்கும் ஊசிக்கும் காத்திருந்த பெண்களுக்கு அது சாதாரணச் செய்தி அல்ல. நம் காஞ்சிபுரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலோ அதனால் ஒரு மாத்திரை அட்டைகூடக் குறையக் காரணம் இல்லை. இங்கே செவிலியர் கொடுக்கும் மாத்திரையும் காப்பர்-டியும் நம் அரசின் பணத்தில் வாங்கப்படுபவை. அறுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. லூப் என்று மக்கள் சொன்ன கருத்தடை வளையம் வெளிநாட்டு ஆலோசனையோடு வந்தது. 1968இல் நிரோத் கடைக்கு வந்தபோது முதலில் விற்றவை இறக்குமதியான உறைகள்தாம். அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு எப்படி வந்தோம், வந்த வழியில் எதைச் சரியாகச் செய்தோம், எதைக் கோட்டை விட்டோம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வெளிநாட்டுப் பணம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கேட்க வேண்டியவை இரண்டு. பணம் கொடுத்தவர் எதை எண்ணிக் காட்டச் சொன்னார்? அந்தப் பணத்தில் உருவான வேலை கடைசியில் யாருடைய சம்பளப் பட்டியலில் ஏறியது? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், கடந்த எழுபது ஆண்டுகளில் எந்தத் திட்டம் ஊன்றியது, எது வந்த சுவடு தெரியாமல் போயிற்று என்பது விளங்கிவிடும். வெளிநாட்டு உதவியை நிர்வகிப்பது என்பது முதன்மையாக இந்த இரண்டையும் நம் கைக்குள் வைத்துக்கொள்ளும் வேலை என்பது என் கருத்து. வரவு செலவுக் கணக்கு, கிடங்கு, வாகனம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

குடும்பக் கட்டுப்பாடு என்ற எண்ணமே மேல்நாட்டார் நம் தலையில் கட்டியது என்று நம்புகிறவர்கள் உண்டு. நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. சென்னையில் நியோ-மால்தூசியன் லீக் என்ற சங்கம் 1920களின் இறுதியிலேயே இருந்தது. 1930இல் பெரியார் குடிஅரசில் கர்ப்பத்தடை பற்றி எழுதியபோது நாட்டின் மக்கள்தொகையை அவர் முதற்காரணமாகக் காட்டவில்லை. பெண்ணின் விடுதலையைக் காட்டினார். 1952இல் இந்திய அரசு தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது உலகில் வேறு எந்த அரசும் அப்படி ஒன்றைத் தொடங்கியிருக்கவில்லை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளரானார். 1950களின் பின்பாதியில், வாசக்டமி என்னும் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்குச் சிறு தொகை கொடுக்கும் முறையைச் சென்னை அரசு கொண்டுவந்தது அவருடைய முனைப்பால்தான். ஒரு நாட்டின் அரசு மற்றொரு நாட்டின் அரசுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்றே உதவ முன்வந்தது 1958இல். சுவீடனும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஆகவே தேவையும் விவாதமும் இங்கே முன்பே இருந்தன. பணம் பின்னால் வந்தது. வந்த பணம் தன்னோடு ஒரு கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்தது. சிக்கல் அந்தப் புத்தகத்தில் தொடங்கியது.

1965ஐ எடுத்துக்கொள்வோம். மழை பொய்த்த ஆண்டு. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நாடு நின்றது. அதே ஆண்டு ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் பேசிய அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் போடும் ஐந்து டாலர் பொருளாதார வளர்ச்சியில் போடும் நூறு டாலருக்குச் சமம் என்ற பொருளில் பேசினார். ஐ.நா. வல்லுநர் குழு ஒன்று வந்து பார்த்து, லூப்பைப் பெருமளவில் கொண்டுசெல்லுங்கள் என்று பரிந்துரைத்தது. நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட பாப்புலேஷன் கவுன்சில் ஆலோசனை தந்தது. கான்பூரில் லூப் தயாரிக்கும் ஆலையே அமைந்தது. 1966-67இல் மட்டும் 9 இலட்சம் பெண்களுக்கு மேல் லூப் பொருத்தினார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. காரணம் புதிரானது அல்ல. பொருத்திய பிறகு உதிரப்போக்கு வந்தால் யாரிடம் போவது, வளையம் தானே வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. பொருத்தியதை எண்ணினார்கள், ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று எண்ணவில்லை. வலியும் போக்கும் பட்ட ஒரு பெண் தெருவில் பத்துப் பெண்களிடம் சொல்வாள். அந்தப் பேச்சை எந்தச் சுவரொட்டியாலும் வெல்ல முடியாது. சாதனத்தின் குறையைவிட, அதைக் கொடுத்த ஏற்பாட்டின் குறைதான் லூப்பை வீழ்த்தியது.

இன்னொரு தோல்வி இதைவிட ஆழமானது. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அதைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு பஞ்சாபின் கன்னா வட்டாரத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகப் போய்க் கருத்தடை மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். பிறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. பின்னாளில் ஆய்வாளர் மஹ்மூத் மம்தானி அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போய்க் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. வீடு தேடி வந்தவர்களை முகம் முறிக்காமல் அனுப்ப மாத்திரையை வாங்கிக்கொண்டார்களே தவிர, பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. அந்தப் பெட்டிகளை அடுக்கி ஒருவர் வீட்டில் சிற்பம் போல அலங்கரித்து வைத்திருந்தார். பிள்ளைகள் இல்லாவிட்டால் வயலில் வேலை செய்வது யார் என்பதே அவர்களுடைய கேள்வி. 1972இல் வெளிவந்த மம்தானியின் நூல் இதை விரிவாகச் சொல்கிறது.

பஞ்சாபில் வயல் என்றால் காஞ்சிபுரத்தில் தறி. பழைய முறைக் கோர்வைச் சேலையை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து மிதியை மிதிக்கும் நெசவாளர் ஒருவரால் மூன்றையும் ஓட்டிவிட முடியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளையின் கையாக இருந்தது. சொந்தப் பிள்ளை இல்லாத தறிக்கு முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையை அமர்த்தினார்கள். கடன் தீரும் வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. 1990களிலும் இந்த ஊர்ப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் இருந்தார்கள் என்பது பதிவான உண்மை. கூலி சேலைக் கணக்கில் வருகிறது. வீட்டில் கை கூடினால் சேலை சீக்கிரம் இறங்குகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய்ச் சிறு குடும்பமே சீரான வாழ்வு என்று சொன்னால் அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், பஞ்சாபியர் மாத்திரையை வாங்கிக்கொண்டது போல. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்த வீட்டின் கணக்கு மாறும். சுவீடன் நாட்டவர் உதவியோடு காஞ்சிபுரத்தில் வேரூன்றிய ஹேண்ட் இன் ஹேண்ட் அமைப்பு, பிள்ளைகளைத் தறியிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்புவதில்தான் தன் பணியைத் தொடங்கியது. பெண்களின் சுய உதவிக் குழுக்களைப் பின்னர் வளர்த்தது. அதை யாரும் குடும்ப நலத் திட்டம் என்று கணக்கில் எழுதுவதில்லை. இந்த ஊரைப் பொறுத்தவரை அதையும் குடும்ப நலப் பணியாகவே நான் கொள்கிறேன்.

கருத்தடை அறுவை முகாம்களின் கதைக்கு வருகிறேன். அது எல்லோரும் அறிந்ததால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் 63,418 வாசக்டமி அறுவைகள் நடந்தன. பரிசுப் பொருள்களுக்குக் கேர் போன்ற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமும் உதவியது. நல்ல மருத்துவ ஏற்பாடு செய்த மாவட்ட ஆட்சியரின் முயற்சி அது; ஆனால் மற்ற மாநிலங்கள் அதிலிருந்து ஏற்பாட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டன. 1976-77இல், அவசர நிலையின் உச்சத்தில், நாடு முழுதும் 82 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. 1976 ஜனவரி 31 அன்று மாநில ஆட்சி கலைக்கப்பட்டிருந்த தமிழ்நாடும் இலக்கு ஓட்டத்தில் பின்தங்கவில்லை. வடக்கே வற்புறுத்தல் கொடுமையாக நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு நவம்பரில் இந்தியா வந்த உலக வங்கித் தலைவர் ராபர்ட் மக்னமாரா, அரசின் உறுதியைப் பாராட்டிச் சென்றார். எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது வெற்றியாகத்தான் தெரிந்திருக்கும். அதன் விலையை அடுத்த தலைமுறைப் பெண்கள் கொடுத்தார்கள். ஆண்கள் அறுவையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். முழுச் சுமையும் பெண் உடம்பின் மேல் விழுந்தது. இன்றுவரை அது இறங்கவில்லை.

இனி, ஊன்றி நின்றவற்றைப் பார்ப்போம். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்திரம் ராமச்சந்திரன் அமைத்த நிறுவனங்களுக்கு ஃபோர்டு அறக்கட்டளையின் உதவி கிடைத்தது. ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த அந்தக் களப்பணியிலிருந்து 1964இல் கிராமிய சுகாதார, குடும்ப நலப் பயிற்சி நிறுவனம் பிறந்தது. நெசவாளர் ஊரான சின்னாளபட்டிக்கு அருகில் இயங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை அந்தப் பணிக்கு முதுகெலும்பு. கருத்தடை பேச வந்தவர்களுக்குப் பின்னால், பிரசவம் பார்க்கவும் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கவும் ஒரு மருத்துவமனை நின்றது. மக்கள் நம்பியது அந்த மருத்துவமனையை. ஃபோர்டு பணம் வேறு வேலைகளுக்குப் போன பிறகும் அந்த நிறுவனம் செவிலியர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு, டென்மார்க் அரசின் டானிடா உதவி. 1981இல் அன்றைய சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் தொடங்கியது. துணை சுகாதார நிலையக் கட்டடம், அதோடு சேர்ந்து செவிலியர் தங்க வீடு, பயிற்சி, கருவிகள் என்று அந்தப் பணம் போயிற்று. ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊரார் நர்சம்மா என்பார்கள். அவர் கையில் இருக்கும் பதிவேட்டைப் பார்த்தால் இந்தப் பணியின் அமைப்பு புரியும். கருவுற்ற பெண்ணின் பெயர், கடைசி மாதவிலக்குத் தேதி, இரும்புச் சத்து மாத்திரை கொடுத்த நாள், பிரசவம் நடந்த இடம், குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட தேதிகள், கணவன் மனைவி பட்டியலில் யார் எந்த முறையைக் கைக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் ஒரே பெண்ணின் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கருத்தடை அங்கே தனித்து நிற்பதில்லை. முதல் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டவர்தான் இரண்டாவது குழந்தையைச் சற்றுத் தள்ளிப் போடலாமே என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. டானிடா எண்ணிப் பார்த்தவற்றில் கட்டடமும் பயிற்சியும் இருந்தன. அதைவிட முக்கியம், செவிலியர் அரசின் ஊழியராகவே இருந்தார். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு டென்மார்க் தன் உதவியைச் சுருக்கியது. 2003இல் இந்திய அரசே, சில பெரிய நாடுகள் தவிர மற்றவற்றிடம் இருதரப்பு உதவி வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. டானிடா போயிற்று. நர்சம்மா போகவில்லை, அவருடைய சம்பளம் கோபன்ஹேகனிலிருந்து வந்ததில்லை.

இது தற்செயல் அல்ல. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் 1920களிலிருந்து இருக்கிறது; 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. வெளியிலிருந்து வந்த எந்தத் திட்டமும் இந்த அமைப்பின் வழியாகத்தான் ஊருக்குள் போக வேண்டியிருந்தது. 1980இல் உலக வங்கியின் கடனில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் இரண்டோடு நிறுத்தத் துணிவு வரும். அந்த வகையில் அதுவும் குடும்ப நலப் பணிதான். 1988 முதல் சென்னை நகரத்தில் உலக வங்கி உதவியில் ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டம் நடந்தது. 2005 முதல் பத்தாண்டு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், ஆபத்தான பிரசவங்களை இரவு பகல் பாராமல் கவனிக்கும் சீமாங் மையங்கள் அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே வளர்ந்தன. இதற்கிடையில் 1994இல் மாநிலம் சொந்தமாகத் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், மருந்து வாங்குவதையும் கிடங்கையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. மருந்து இல்லாத நிலையத்துக்கு மக்கள் வரமாட்டார்கள் என்ற எளிய உண்மையை அது அறிந்து செயல்பட்டது.

மாறான வழியில் போனது உத்தரப் பிரதேசம். 1992இல் யு.எஸ்.எய்டு அங்கே 32 கோடியே 50 இலட்சம் டாலர் ஒதுக்கியது. அதைச் செலவிட லக்னோவில் தனிச் சங்கம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. குறித்த இலக்கு எட்டப்பட்டால் பணம் விடுவிக்கப்படும் என்ற முறை. சாலையும் பள்ளியும் சுகாதார நிலையமும் குறைந்த மாநிலம் அது. தமிழ்நாட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் அரசுத் துறைக்கு வெளியே ஓர் இணை அமைப்பைக் கட்டியதன் விளைவாக, திறமையானவர்கள் சங்கத்துக்குப் போனார்கள். துறை இருந்த இடத்திலேயே இருந்தது. 2005-06இலும் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளைகள் என்ற நிலைதான். திரும்பி வந்து பார்க்கும் ஆள் ஏன் வேண்டும் என்பதற்கு வங்கதேசத்து மத்லப் ஊர்களில் நடந்தது நல்ல விளக்கம். 1975இல் அங்கே வீடு வீடாக மாத்திரை கொடுத்தபோது பயன்பாடு சட்டென்று ஏறிச் சில மாதங்களில் இறங்கிவிட்டது. 1977இல் முறையை மாற்றினார்கள். அந்தந்த ஊரைச் சேர்ந்த படித்த, திருமணமான பெண்களை வேலைக்கு எடுத்து, பல முறைகளைக் கையில் கொடுத்து, உபாதை என்றால் உடனே கவனிக்கும் ஏற்பாட்டையும் செய்தார்கள். இம்முறை ஏறியது இறங்கவில்லை. இரண்டு தடவையும் வெளிநாட்டுப் பணம்தான். திரும்பி வந்து பார்க்கும் ஆள் இரண்டாம் தடவைதான் இருந்தார்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்ததற்குக் காரணம் மதிய உணவு, பள்ளிக்கூடம், பேருந்து, சீர்திருத்த இயக்கம். சேவை நிர்வாகத்துக்கும் உதவிப் பணத்துக்கும் அதில் பங்கு சிறிது என்பது அது. முதல் பாதியை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்; தறியைப் பற்றிச் சொன்னதும் அதையே காட்டுகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது எந்த வெளிநாட்டு வல்லுநரும் அதைக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமாகப் பார்க்கவில்லை. ஆனால் விருப்பம் வந்த பெண்ணுக்கு வழி வேண்டும். வழி இல்லாத விருப்பம், ஊர் மருத்துவச்சியிடமோ தகுதியற்றவரிடமோ கருக்கலைப்புக்குப் போய் உயிரை விடுவதில் முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1992இல் ஏறத்தாழ இரண்டரையாக இருந்த மாநிலத்தின் கருவள விகிதம் 1998-99இல் 2.2க்கும் 2005-06இல் 1.8க்கும் இறங்கியது. மக்கள்தொகை பற்றிய ஐ.நா.வின் கெய்ரோ மாநாட்டுக்குப் பின், 1996 ஏப்ரலில், முறைவாரி இலக்குகளை நாடு முழுதும் கைவிட்டார்கள். இலக்கு போனால் ஊழியர் வேலை செய்யமாட்டார்கள், எல்லாம் பாழாகிவிடும் என்று அப்போது அஞ்சியவர்கள் பலர். இலக்கு போன பிறகும் தமிழ்நாட்டின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது என்பதே அவர்களுக்கான பதில்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம்மை நாமே மெச்சிக்கொண்டு போய்விட எனக்கு மனம் வரவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் அந்த அளவு ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. வாசக்டமியில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலம் இது. இருபது வயதில் திருமணம், இரண்டு பிள்ளைகள், இருபத்தைந்து இருபத்தாறு வயதில் அறுவை என்று ஓடுகிறது ஒரு பெண்ணின் கணக்கு. இடைவெளி விட உதவும் முறைகளை அவளிடம் யாரும் விரிவாகப் பேசுவதில்லை. பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காரும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அடிவயிற்றில் தையல் போட்ட உடம்போடு குழியில் காலை இறக்கி, முன்னால் குனிந்து, மிதித்து, பலகையை அடிக்க முடியாது. தார் சுற்றும் வேலையாவது செய்யலாம் என்றாலும் அதற்கு வரும் காசு சொற்பம். சேலைக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு விடுப்புச் சம்பளம் இல்லை. ஆணுக்குச் செய்யும் அறுவை இதைவிட எளிது, ஓய்வும் குறைவு. நெசவாளர் குடும்பத்தின் வருமானக் கணக்கில் பார்த்தாலும் அதுவே இலாபம். இதைத் தெருவில் போய் ஆண்களிடம் பேசும் வேலைக்கு நம் அமைப்பு போதிய முக்கியத்துவம் தரவில்லை. வெளிநாட்டார் கணக்குப் புத்தகத்திலிருந்து நாம் விடுபட்டோம். அது கற்றுக்கொடுத்த பழக்கத்திலிருந்து இன்னும் விடுபடவில்லை. அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் காட்டியது. ஒரே முகாமில் ஒரே மருத்துவர் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளில் நிறுத்தச் சொல்லித் தீர்ப்பளித்தது.

இன்று வேறொரு குரலும் கேட்கிறது. தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020 கணக்கில் 1.4க்கு வந்துவிட்டது. மக்கள்தொகையை வைத்துச் செய்யும் நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் நம் இடங்கள் குறைந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. சிறப்பாகச் செயல்பட்ட மாநிலத்தைத் தண்டிப்பது அநீதி. 2025இல் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே, புதுமணத் தம்பதிகள் காலம் தாழ்த்தாமல் பிள்ளை பெறுமாறு மேடையில் சொன்னார். அப்படியானால் குடும்ப நலப் பணிக்கு இனி என்ன வேலை என்று கேட்கிறார்கள். பிறப்பைக் குறைப்பதுதான் அந்தப் பணியின் நோக்கம் என்று நினைப்பவர்களுக்கே இந்தக் கேள்வி எழும். குறைக்கச் சொல்வதும் கூட்டச் சொல்வதும் பெண்ணைத் தாண்டி எண்ணைப் பார்க்கும் ஒரே பார்வைதான். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் மூன்றாண்டு இடைவெளி வேண்டும் என்னும் பெண் இருக்கிறாள். மூன்றாவது வேண்டும் என்பவளும் இருக்கிறாள். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் பிள்ளை வரம் கேட்டு நிற்கும் தம்பதியர் இருக்கிறார்கள். குழந்தையின்மைக்குத் தனியார் மையங்களில் இலட்சக்கணக்கில் கடன்பட்டுச் செலவிடுகிறார்கள். எழுபது ஆண்டுகளில் வந்த கொடையாளர்களின் கணக்கில் அவர்கள் பெரிதாக இடம்பெற்றதில்லை. பணமும் புத்தகமும் நம்முடையவை ஆன பிறகாவது அவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டாமா?

ஆகவே இந்த மாவட்டத்தின் சுகாதார அலுவலர்களையும் மாநகராட்சி உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். மாதாந்தர அறிக்கையில் எத்தனை அறுவை, எத்தனை காப்பர்-டி என்று எழுதும் பக்கத்திலேயே மேலும் மூன்று கட்டங்களைச் சேருங்கள். அந்தப் பெண் வந்தபோது எதைக் கேட்டாள்? எதைக் கொடுத்தோம்? ஆறு மாதம் கழித்து அவளை யார் போய்ப் பார்த்தார்கள்? காப்பர்-டியை எடுத்துவிடச் சொல்லி வருபவளைத் திருப்பி அனுப்பாதீர்கள். நெசவாளர் தெருக்களில் ஆண்களிடம் பேச ஆண் ஊழியர்களை அனுப்புங்கள். குழந்தையின்மைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரம் ஒரு நாளாவது தனிப் பிரிவு நடத்துங்கள். இவற்றைச் செய்ய வெளிநாட்டு உதவி எதுவும் தேவையில்லை. அடுத்த மாத அறிக்கையிலேயே தொடங்கலாம்.